காமாக் கிரண வெடிப்புகள் வந்த திசை

1963-ஆம் ஆண்டு ஆகஸ்டு 5-ஆம் தேதியன்று மாஸ்கோ நகரில் அமெரிக்காவும் பிரிட்டனும் சோவியத் யூனியனும் செய்துகொண்ட ஒப்பந்தமொன்று, வளிமண்டலத்திலும் கடலுக்கடியிலும் விண்வெளியிலும் இனி அணுகுண்டுகளை வெடித்துச் சோதிப்பதில்லையென்று அம்மூன்று வல்லரசுகளையும் கட்டுப்படுத்தியது. கையொப்பமிட்டவர்களுக்கு ஒருவர்மேல் ஒருவருக்கு விசுவாசம் இருந்ததென்று யாரும் சொல்லமாட்டார்கள். பூமியின் மேல் வெடித்தால் எப்படியும் தெரிந்துவிடும். ஆனால் சந்திரனுக்கு அப்பால் சென்று அதன் மறைவில் ஒரு குண்டை வெடித்துப் பார்த்தால் அதை எவ்வாறு அறிவது என்ற ஐயம் அமெரிக்க ராணுவ நிபுணர்களின் மனத்தை விட்டு அகலவில்லை. அந்த ஐயத்தின் பயனாக, ஒப்பந்தம் அமலுக்கு வந்த அதே அக்டோபர் மாதத்திலேயே, வேலா என்னும் பெயருடைய இரண்டு செயற்கைக் கோள்கள், பூமியிலிருந்து லட்சம் கிலோமீட்டருக்கும் அப்பாற்பட்ட வட்டப்பாதையில் ஒன்றுக்கொன்று எதிர்ப்புறமாக நிறுத்தப்பட்டன. அவற்றைத் தொடர்ந்து மேலும் சில ஜோடிகள் சென்றன. இவ்வாறு பகைவனின் களவைப் பிடிப்பதற்கென்று கட்டப்பட்ட காவற்கோபுரம், அதனைக் கட்டியவர்கள் கனவிலும் கருதாத ஒரு காட்சியைக் கண்டுவிட்டது என்பது இருபதாம் நூற்றாண்டு விஞ்ஞானத்தின் விசித்திரங்களுள் ஒன்று.

வேலாக் கோள்கள் தேடியது காமாக் கிரணங்களை. நாம் கண்ணால் காணும் ஒளியும் காமாக் கிரணமும் ஒரே இனத்தைச் சேர்ந்தவையே. எனினும் காமாக் கிரணத்தின் ஒவ்வொரு துகளும் சாதாரண ஒளித்துகளைப்போல் லட்சம் மடங்கும் அதற்கு மேலும் சக்தி கொண்டது. அணுகுண்டு வெடிக்கும்போது அது ஏராளமாகப் பிறக்கிறது. வானிலிருந்து வரும் காமாக் கிரணங்களை வளிமண்டலம் தடுத்து உறிஞ்சிவிடுவதால், பூமியில் உயிர்கள் பிழைத்திருக்கின்றன. அதே காரணத்தால் அவற்றைக் காண விரும்புகிறவன் வளிமண்டலத்துக்கு மேலே கருவியை அனுப்பியாக வேண்டும். அனுப்பிவிட்டாலும் சங்கடம் தீர்வதில்லை. எந்தக் கண்ணாடியும் இக்கிரணங்களைச் சாதாரண ஒளியைப்போல் பிரதிபலித்துக் குவிப்பதில்லை. அவை கண்ணாடியைத் துளைத்துக்கொண்டு அப்பால் போய்விடும். ஆகையால் சோடியம் அயோடைடு போன்ற ஒரு படிகத்தை வைத்து, கிரணம் அதனுள் புகும்போது உண்டாகும் மினுமினுப்பை எண்ணிக்கொள்வதே வழி. அத்தகைய கருவி, கிரணம் எப்போது வந்தது, எவ்வளவு வந்தது என்பவற்றைத் திட்டமாகச் சொல்லும். எங்கிருந்து வந்தது என்று கேட்டால் வாய் திறவாது. பின்னர் முப்பது ஆண்டுகள் நடந்த விவகாரம் முழுவதும் இந்த ஒரு குறையிலிருந்து விளைந்ததேயாகும்.

1967-ஆம் ஆண்டு ஜூலை 2-ஆம் தேதி நான்காம் ஜோடி வேலாக் கோள்கள் இரண்டும் ஒரே வேளையில் ஒரு காமாக் கிரண வீச்சைப் பதிவு செய்தன. ஆயினும் அன்று அதை யாரும் கவனிக்கவில்லை. லாஸ் அலமோஸ் ஆராய்ச்சிச்சாலையில் ரே கிளீபசாடல், ராய் ஆல்சன் ஆகிய இருவரும், குவிந்துகிடந்த பதிவுகளை ஒன்றோடொன்று ஒத்திட்டுப் பார்த்துக்கொண்டு வந்தபோது, 1969-இல்தான் அது கண்ணில் பட்டது. அணுகுண்டாயின் ஒரு கணப்பொழுது பளீரென்று எழுந்து, பிறகு சிதறிய பொருள்களின் கதிரியக்கம் காரணமாகப் படிப்படியாகத் தேய்ந்து போகவேண்டும். இதுவோ ஒரு முறை எழுந்து, தணிந்து, மறுபடி இரண்டாம் முறை எழுந்து, அவ்வளவோடு நின்றுவிட்டது. இது குண்டு அன்று. அப்படியானால் வேறென்ன?

அவசரப்படாமல் அவர்கள் அடுத்த ஜோடிகளுக்காகக் காத்திருந்தது பாராட்டத்தக்கது. ஐந்தாம், ஆறாம் ஜோடிகளில் இருந்த கடிகாரங்கள் வினாடியில் 64-இல் ஒரு பங்கு வரை நுட்பமாகக் காலம் காட்டின. ஒளியோ வினாடிக்கு 3 லட்சம் கிலோமீட்டர் செல்கிறது. வட்டப்பாதையின் இரு எதிர் முனைகளுக்கும் இடையே இரண்டு லட்சம் கிலோமீட்டருக்கும் அதிகத் தூரம் உண்டு. ஆகவே ஒரு பக்கத்திலிருந்து வரும் கிரணம் ஒரு கோளைத் தொட்டு, முக்கால் வினாடி வரை கழிந்த பிறகே மற்றொன்றைத் தொடும். இந்தக் கால வித்தியாசத்தைக் கணக்கிட்டு, திசையைக் குத்துமதிப்பாக ஊகித்துவிடலாம். அவ்வாறு ஊகித்ததில், அந்தக் கிரணங்கள் பூமியிலிருந்தும் வரவில்லை, சூரியனிலிருந்தும் வரவில்லை என்பது தெளிவாயிற்று. 1969 ஜூலை முதல் 1972 ஜூலை வரை பதிவான 16 வெடிப்புகளைப் பற்றி கிளீபசாடல், இயன் ஸ்ட்ராங், ஆல்சன் ஆகிய மூவரும் எழுதிய கட்டுரை 1973 ஜூன் மாதத்தில் வெளியாயிற்று. ராணுவ ரகசியமென்று பல ஆண்டுகள் பூட்டி வைத்திருந்தார்கள் என்று கதை சொல்வோர் உண்டு. கதை சுவையாகத்தான் இருக்கிறது. ஆனால் தாமதத்துக்குக் காரணம் பெரும்பாலும் பூட்டு அன்று, நிதானமே. சூரியனை விலக்கிவிட்டோமென்று உறுதி பெறாமல் வாய் திறக்க அவர்கள் விரும்பவில்லை.

கட்டுரை வெளிவந்த பிறகு நிதானத்துக்கு இடமில்லாமல் போயிற்று. எங்கிருந்து வருகிறதென்று தெரியாத பொருளைப் பற்றி எதை வேண்டுமானாலும் சொல்லலாம் அல்லவா? மாண்ட நட்சத்திரத்தின் இறுகிய எச்சமாகிய நியூட்ரான் நட்சத்திரத்தில் வால்நட்சத்திரம் மோதுகிறது என்றார் ஒருவர்; நியூட்ரான் நட்சத்திரத்தின் மேலோடு விரிசல் காண்கிறது என்றார் மற்றொருவர். இருபது ஆண்டுகளில் நூற்றுக்கு மேற்பட்ட சித்தாந்தங்கள் குவிந்தன. அவற்றைத் தொகுத்து எண்ணுவதே ஒரு தனி ஆராய்ச்சிக் கட்டுரைக்குப் பொருளாயிற்று! இவ்வளவு பேதங்களுக்கிடையிலும் பெரும்பாலோர் ஒரு விஷயத்தில் ஒருமித்திருந்தனர்: இவை நம்முடைய பால்வீதி மண்டலத்துக்குள்ளேயே, அதுவும் அருகிலேயே நிகழ்கின்றன என்பது அது. காரணம் எளிது. விளக்கு அருகில் இருந்தால் சிறு விளக்கே போதும். அது கோடிக்கணக்கான ஒளியாண்டுகளுக்கு அப்பால் இருப்பதாக வைத்துக்கொண்டால், அங்கே எரிகின்ற நெருப்பின் அளவை நினைக்கவே அச்சமாக இருந்தது.

இந்த நிலையில், 1991-ஆம் ஆண்டு ஏப்ரல் 5-ஆம் தேதி அட்லாண்டிஸ் விண்ணோடம் காம்ப்டன் என்னும் பெயர் பூண்ட விண்ணாய்வுக்கூடத்தை ஏற்றிச் சென்றது. அது 17 டன் எடையுள்ள பெருஞ்சுமை. விண்வெளியில் விடுவதற்கு முன்பு அதன் ஆன்டெனா விரிய மறுத்தது. பூமியிலிருந்து அனுப்பிய கட்டளைகள் எதற்கும் அது இணங்காமற்போகவே, ஜெர்ரி ராஸ், ஜே ஆப்ட் என்னும் விண்வெளி வீரர்கள் இருவரும் முன்னேற்பாடில்லாமல் வெளியே இறங்க, ராஸ் கையால் அதனைப் பிடித்துத் தள்ளித் தள்ளி விடுவித்தார். எத்தனையோ கோடி டாலர் செலவிட்டுச் செய்த யந்திரத்தை, சிக்கிக்கொண்ட ஜன்னலைத் திறப்பதுபோல் ஒரு மனிதன் கைவலிமையால் திறக்க நேர்ந்தது. அவ்வாறு விடுதலை பெற்ற அக்கூடத்தின் எட்டு மூலைகளிலும் எட்டுப் படிகக் கருவிகள் இருந்தன. எந்த மூலை எவ்வளவு கிரணத்தைப் பெற்றது என்பதை ஒப்பிட்டு, வெடிப்பின் திசையைச் சில பாகைகள் பிழையோடு அறிய முடிந்தது. பிழை பெரியதுதான், ஆனால் அடுத்தெழுந்த கேள்விக்கு அது போதும்.

கேள்வி இது: வெடிப்புகள் வானத்தில் எவ்வாறு பரவியிருக்கின்றன? நாம் வாழும் நட்சத்திர மண்டலம் தட்டையானது; நாம் அதன் மையத்திலிருந்து சுமார் 26,000 ஒளியாண்டு விலகி, உள்ளே இருக்கிறோம். ஆதலால் இம்மண்டலத்தைச் சேர்ந்த எதுவும், இரவில் நாம் காணும் அந்த மங்கலான வெண்பட்டையை ஒட்டியே திரண்டு தெரியவேண்டும். முதல் 153 வெடிப்புகளின் இடங்களைப் படத்தில் குறித்துப் பார்த்தபோது, பட்டையும் இல்லை, திரட்சியும் இல்லை. வானமெங்கும் ஒரே சீராகத் தூவியிருந்தன. ஏறக்குறைய நாளொன்றுக்கு ஒன்றாக ஒன்பது ஆண்டுகளில் 2,704 வெடிப்புகள் பதிவான பிறகும் அந்தப் படம் மாறவில்லை. மங்கலான வெடிப்புகள் எதிர்பார்த்ததைவிடக் குறைவாகவும் இருந்தன; அதாவது, அவை பரவியுள்ள வெளிக்கு எங்கோ ஒரு விளிம்பு உண்டு, அந்த விளிம்புக்கு நடுவே நாம் இருக்கிறோம். தன்னைப் பிரபஞ்சத்தின் நடுவில் காண்பது மனிதனுக்கு எப்போதும் சந்தேகத்தைத் தரவேண்டிய விஷயம். நடுவில் இருப்பதாகத் தோன்றுவது ஒரே ஒரு சந்தர்ப்பத்தில்தான் இயல்பு. அது நாம் பார்ப்பது பிரபஞ்சம் முழுவதையும் என்றால்.

போலந்து நாட்டில் பிறந்து பிரின்ஸ்டனில் பணியாற்றிய பொஹ்தான் பச்சின்ஸ்கி என்பவர் 1986-ஆம் ஆண்டிலேயே இதைச் சொல்லியிருந்தார். அப்போது கேட்பார் அதிகமில்லை. 1995-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் வாஷிங்டனில் இதற்கென்றே ஒரு வாத அரங்கு கூட்டினார்கள். 1920-இல் ஹார்லோ ஷாப்லியும் ஹீபர் கர்ட்டிஸும், நெபுலாக்கள் நம் மண்டலத்துக்கு உள்ளேயா வெளியேயா என்று வாதிட்ட அதே மண்டபம். அந்த வாதத்தின் எழுபத்தைந்தாம் ஆண்டு. மார்ட்டின் ரீஸ் தலைமை வகிக்க, டான் லாம்ப் உள்ளே என்றும் பச்சின்ஸ்கி வெளியே என்றும் வாதித்தனர். லாம்ப் சொன்னது அசட்டு வாதமன்று: மண்டலத்தைச் சூழ்ந்து வெகுதூரம் பரந்துள்ள ஓர் உருண்டையான வெளியில் விரைந்து ஓடும் நியூட்ரான் நட்சத்திரங்கள் இருக்குமானால், அவையும் இவ்வாறே எத்திசையிலும் சீராகத் தெரியும். அன்று தீர்ப்பு கூறுவதற்கு யாரிடத்திலும் சான்று இல்லை. எந்த ஒரு வெடிப்புக்கும் தூரம் தெரியாமல் வாதம் முடிவதற்கில்லை. தூரத்தை அளக்க வேண்டுமாயின், அந்த இடத்தைத் தொலைநோக்கியால் பார்க்கவேண்டும். பார்ப்பதற்கு, இடம் பாகையின் சிறு பின்னம் வரை துல்லியமாக, அதுவும் வெடித்த சில மணி நேரத்துக்குள் தெரியவேண்டும்.

அத்தகைய துல்லியத்தைக் கொடுத்தது இத்தாலியரும் டச்சுக்காரரும் சேர்ந்து செய்த பெப்போசாக்ஸ் என்னும் சிறிய கோள். 1997-ஆம் ஆண்டு பிப்ரவரி 28-ஆம் தேதி அதிகாலையில் ஒரு வெடிப்பு நிகழ்ந்தது. அதே கோளில் இருந்த எக்ஸ்-கதிர்க் காமிரா அதை ஓரளவு இடம் காட்டிவிட்டது. எட்டு மணி நேரத்துக்குள் கோள் முழுவதையும் திருப்பி, நுட்பமான எக்ஸ்-கதிர்த் தொலைநோக்கிகளை அவ்விடத்தில் நாட்டியபோது, அங்கே ஒரு புது ஒளிப்புள்ளி. மார்ச் 3-ஆம் தேதி மறுபடி பார்க்க, அது பெரும்பாலும் மங்கிவிட்டிருந்தது. ஆம்ஸ்டர்டாமைச் சேர்ந்த யான் வான் பாரடைஸ் என்பவரின் குழுவினர், கானரித் தீவுகளில் லா பால்மா மலைமேலுள்ள வில்லியம் ஹெர்ஷல் தொலைநோக்கியில் அன்றிரவே ஒரு படம் எடுக்கச் செய்திருந்தனர். மார்ச் 8-ஆம் தேதி அதே இடத்தை மறுபடி எடுத்தனர். இரு படங்களையும் அருகருகே வைத்துப் பார்க்கையில், முதற்படத்திலிருந்த ஒரு சிறு புள்ளி இரண்டாவதில் காணப்படவில்லை. காமாக் கிரண வெடிப்பின் தணல் கண்ணுக்குப் புலனாகும் ஒளியிலும் எரிகிறதென்பதை மனிதன் முதன்முதலாக அறிந்தது அந்தப் புள்ளியின் இல்லாமையைக் கொண்டுதான். இரண்டு மாதம் சென்று, மே 8-ஆம் தேதி நிகழ்ந்த மற்றொரு வெடிப்பின் தணலை ஹவாய்த் தீவிலுள்ள கெக் தொலைநோக்கியால் ஆராய்ந்தபோது, அதன் நிறமாலையில் இரும்பும் மக்னீசியமும் இட்ட கருங்கோடுகள் சிவப்பை நோக்கி வெகுவாக நகர்ந்திருந்தன. கணக்கு எளிதாயிற்று: அந்த ஒளி நம்மை வந்தடைய ஏறக்குறைய 700 கோடி ஆண்டுகள் பிடித்திருக்கிறது. பச்சின்ஸ்கி வென்றார், அச்சமூட்டிய அந்தப் பெருநெருப்பை இனி அனைவரும் ஒப்புக்கொண்டாக வேண்டியதாயிற்று.

எவ்வளவு பெருநெருப்பு? சூரியன் தன் ஆயுட்காலமாகிய 1,000 கோடி ஆண்டுகளிலும் வெளியிடுகின்ற சக்தி முழுவதையும் சில வினாடிகளில் கொட்டிவிடும் அளவுக்கு. அதைவிட வியப்பு, அது பிறக்கும் இடத்தின் சிறுமை. வெடிப்பின் ஒளி ஆயிரத்தில் ஒரு பங்கு வினாடிக்குள் ஏறி இறங்குகிறது. ஒரு பொருளின் முழு உடலும் ஒருமித்து ஒளிர்ந்து ஒருமித்து மங்கவேண்டுமாயின், ஒரு புறத்தில் நிகழ்ந்தது மறுபுறத்துக்குத் தெரிய வேண்டும். அச்செய்தி ஒளியைக் காட்டிலும் விரைந்து செல்ல இயலாது. ஆகையால் அந்தப் பொருள், ஒளி அவ்வளவு நேரத்தில் கடக்கும் 300 கிலோமீட்டரைவிடப் பெரிதாக இருக்க முடியாது என்று முதலில் தோன்றும். அவ்வளவு சிறிய இடத்தில் அவ்வளவு சக்தியைத் திணித்தால், காமாக் கிரணங்கள் தம்முள் மோதி எலெக்ட்ரான் பாசிட்ரான் ஜோடிகளாக மாறி, வெளியே தலைகாட்டவே மாட்டா. இந்தச் சிக்கலுக்கு ஒரே விடை, அந்த நெருப்பு நம்மை நோக்கி ஏறத்தாழ ஒளியின் வேகத்திலேயே பாய்ந்து வருகிறது என்பது. அப்படிப் பாயும்போது கால அளவுகளும் கிரணங்களின் சக்தியும் நமக்கு வேறாகத் தோன்றுகின்றன. அது எல்லாப் பக்கமும் சிதறாமல் ஒடுங்கிய தாரையாகப் பீறிடுகிறது. தாரையின் வழியில் நாம் தற்செயலாக நின்றால்தான் காண்கிறோம். ஒன்றைக் கண்டால், கண்ணில் படாமல் வேறு திசைகளில் பீறிட்டவை நூற்றுக்கணக்கில் இருக்கும்.

தாரையைத் தொடுக்கும் வில் எது என்பதற்கு இரண்டு விடைகள் கிடைத்தன. காம்ப்டன் பதிவுகளிலேயே, வெடிப்புகள் இரண்டு வினாடிக்குக் குறைந்தவை, நீண்டவை என்று இரு குலங்களாகப் பிரிந்திருந்தன. சூரியனைப்போல் பன்மடங்கு நிறையுள்ள நட்சத்திரம், எரிபொருள் தீர்ந்து தன் நடுக்கரு இடிந்து கருந்துளையாகும்போது, இருமுனைகளிலும் தாரை பீறிட்டு நட்சத்திரத்தின் உடலைத் துளைத்து வெளிவருகிறது என்று ஸ்டான் வூஸ்லி 1993-இல் கூறியது நீண்ட வெடிப்புகளுக்குப் பொருந்திற்று. 2003 மார்ச் 29-ஆம் தேதி நிகழ்ந்த வெடிப்பின் தணலுக்குள்ளிருந்தே, நட்சத்திரம் வெடித்து மாளும் சூப்பர்நோவா ஒன்றின் ஒளி எழுந்து வந்தது அதற்கு நிரூபணம். குறுகியவற்றுக்குக் காரணம் வேறு.

அவற்றைப் பிடிப்பதற்கு எட்டு மணி நேரம் என்பது மிகத் தாமதம். 2004 நவம்பர் 20-ஆம் தேதி ஏவப்பட்ட ஸ்விஃப்ட் என்னும் கோள் இதற்காகவே செய்யப்பட்டது. அதன் கிரணமானிக்கு மேலே சுமார் 52,000 சிறு ஈயத் துண்டுகளை ஒழுங்கின்றிப் பதித்த ஒரு தட்டு இருக்கிறது. தென்னங்கீற்றுப் பந்தலின் இடுக்குகளூடே தரையில் விழுகின்ற வெயிற்புள்ளிகளின் கோலம், சூரியன் நகர நகர இடம்பெயர்வதைக் கண்டிருப்போம். கோலத்தைக் கொண்டே சூரியன் எங்கிருக்கிறதென்று சொல்லிவிடலாம். குவிக்க முடியாத காமாக் கிரணத்தின் திசையை ஈயத்தட்டின் நிழற்கோலத்தைக் கொண்டு ஸ்விஃப்ட் கண்டுபிடிப்பது இந்த முறையில்தான். கண்டுபிடித்த பிறகு யாருடைய அனுமதிக்கும் காத்திராமல் தானே திரும்பி, ஒரு நிமிஷம் ஒன்றரை நிமிஷத்துக்குள் தன் தொலைநோக்கிகளை அவ்விடத்தில் நாட்டுகிறது. செய்தியும் உடனே உலகெங்கும் பறக்கிறது. நட்சத்திரங்கள் எங்கே ஓடிவிடப்போகின்றன என்று சாவகாசமாக இருந்து பழகிய வான சாஸ்திரிகளின் வாழ்க்கைக்கு இது பெரிய இடையூறுதான். நள்ளிரவில் மணியடித்து எழுப்புகிறது.

2008 மார்ச் 19-ஆம் தேதி அவ்வாறு அறிவிக்கப்பட்ட ஒரு வெடிப்பு, சுமார் 750 கோடி ஒளியாண்டுத் தூரத்திலிருந்தும், இருண்ட வானத்தில் அந்த இடத்தையே நோக்கியிருந்த ஒருவருக்குச் சில வினாடிகள் வெறுங்கண்ணுக்கே புலப்பட்டிருக்கக்கூடிய அளவுக்குப் பிரகாசித்தது. அன்றைய தினந்தான் கொழும்பு நகரில் விஞ்ஞானக் கதாசிரியர் ஆர்தர் சி. கிளார்க் காலமானார், ஆகையால் அவ்வெடிப்புக்கு அவர் பெயரையே வைத்துவிடலாமென்றும் சிலர் சொன்னார்கள். அதிகாரபூர்வமான பெயராகவில்லை, ஆயினும் பொருத்தம் குறைந்ததென்று சொல்வதற்கில்லை.

குறுகிய வெடிப்புகளின் ரகசியம் 2017 ஆகஸ்டு 17-ஆம் தேதி வெளியாயிற்று. ஈர்ப்பலைகளை உணர்வதற்கென்று அமைத்த, அமெரிக்காவிலுள்ள லைகோ கருவிகளும் இத்தாலியிலுள்ள விர்கோவும் காத்திருக்க, இரண்டு நியூட்ரான் நட்சத்திரங்கள் ஒன்றையொன்று சுற்றிச் சுற்றி நெருங்கி மோதியதன் ஈர்ப்பலை பூமியைக் கடந்து சென்றது, 1.7 வினாடி கழித்து ஃபெர்மி என்னும் கோள் இரண்டு வினாடி நீடித்த ஒரு காமாக் கிரண வெடிப்பைப் பதிவு செய்தது. பதினோரு மணி நேரத்துக்குள் சிலி நாட்டின் லாஸ் கம்பானாஸ் மலையிலுள்ள ஒரு மீட்டர் தொலைநோக்கி ஒன்று, 13 கோடி ஒளியாண்டுக்கு அப்பாலுள்ள ஒரு நட்சத்திர மண்டலத்தில் அந்தத் தணலைக் கண்டெடுத்தது. 13 கோடி ஆண்டுகள் சேர்ந்து பயணம் செய்த ஈர்ப்பலையும் ஒளியும் இரண்டு வினாடி கூட விலகாமல் வந்து சேர்ந்தமையால், இரண்டின் வேகமும் ஒன்றே என்று ஐன்ஸ்டீன் சொன்னது, வேறெந்தச் சோதனையாலும் எட்டமுடியாத நுட்பத்தோடு நிரூபணமாயிற்று. தணலின் நிறம் நாளுக்கு நாள் நீலத்திலிருந்து சிவப்புக்கு மாறியதைக் கொண்டு, தங்கம், பிளாட்டினம் போன்ற கனத்த தனிமங்கள் அங்கே பிறந்துகொண்டிருந்தன என்றும் அறிந்தார்கள்.

இவ்வளவு தூரத்து விவகாரம் நம்மை என்ன செய்யப்போகிறது என்று அலட்சியமாயிருப்பவர்களுக்கு 2022 அக்டோபர் 9-ஆம் தேதியைச் சொல்லலாம். அன்று ஞாயிற்றுக்கிழமை, இந்திய நேரப்படி மாலை 6 மணி 47 நிமிஷத்தையொட்டி, திருவோண நட்சத்திரத்துக்குச் சற்று வடமேற்கே, ஏறக்குறைய நம் நாட்டின் உச்சிக்கு நேரே, சுமார் 200 கோடி ஒளியாண்டுத் தூரத்திலிருந்து வந்த ஒரு வெடிப்பின் கிரணங்கள் பாய்ந்தன. நமது தெருக்களில் விளக்கேற்றிக் கடைகளில் வியாபாரம் நடந்துகொண்டிருந்த அந்த வேளையில், அவை வளிமண்டலத்தின் மேற்பகுதியைத் தாக்கி அயனி மண்டலத்தைக் கலக்கின. இந்தியாவில் மின்னல்களைப் பதிவு செய்வதற்கு வைத்த கருவிகள் மின்னலில்லாமலே தூண்டப்பட்டன. ஃபெர்மியின் கருவிகள் எண்ண மாட்டாமல் திணறின. சீனாவில் சிச்சுவான் மலையிலுள்ள லாஸோ நிலையம் அதிலிருந்து வந்த 60,000-க்கு மேற்பட்ட உயர்சக்தித் துகள்களைப் பிடித்தது. இவ்வளவு பிரகாசமான வெடிப்பு பதினாயிரம் ஆண்டுகளுக்கு ஒருமுறைதான் பூமிக்கு வாய்க்குமென்று கணக்கிட்டிருக்கிறார்கள்.

இரண்டு வினாடி என்ற எல்லைக்கோட்டை வைத்து நீண்டவை நட்சத்திர மரணம், குறுகியவை நட்சத்திர மோதல் என்று பகுத்து, வகுப்பறையில் பாடமாகவும் சொல்லத் தொடங்கிய பிறகு, 2021 டிசம்பர் 11-ஆம் தேதி ஏறக்குறைய ஒரு நிமிஷம் நீடித்த வெடிப்பொன்று வந்தது; அதன் தணலோ சூப்பர்நோவாவின் தணலாக இராமல், மோதலில் விளையும் தணலாக இருந்தது. 2023 மார்ச் 7-ஆம் தேதி நிகழ்ந்த மற்றொரு நீண்ட வெடிப்பை ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி சில வாரங்கள் கழித்துப் பார்க்க, அதன் ஒளியில் டெல்லூரியத்தின் அடையாளம் தென்பட்டது; அதுவும் மோதலின் பிள்ளைதான். இரண்டு நியூட்ரான் நட்சத்திரங்கள் மோதி முடிவதற்கு ஒரு வினாடியும் ஆகாதென்று கணக்குகள் கூறுகையில், அந்தத் தாரையை அவ்வளவு நேரம் ஊட்டி வளர்த்தது எது? மோதலில் பிறந்து உடனே கருந்துளையாகிவிடாமல் காந்த வலிமையோடு சுழன்றுகொண்டிருக்கும் ஒரு நியூட்ரான் நட்சத்திரம் என்கின்றனர் சிலர். மோதியவற்றுள் ஒன்று வெண்குள்ளன் என்னும் நட்சத்திர எச்சம் என்கின்றனர் வேறு சிலர். 2015-இல் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்டு ஐந்நூறுக்கு மேற்பட்ட வெடிப்புகளைப் பதிவு செய்த நமது ஆஸ்ட்ரோசாட், சீனரும் பிரெஞ்சுக்காரரும் சேர்ந்து 2024-இல் அனுப்பிய ஸ்வோம், பழைய ஸ்விஃப்ட், ஃபெர்மி ஆகியவற்றின் பதிவுகளில் இத்தகைய குலம் மாறிய வெடிப்புகள் இன்னும் எத்தனை ஒளிந்துள்ளன என்பதே இப்போது நடக்கும் ஆராய்ச்சி.